போர் மோட்டாரும் ஏலேலோவும்

போன மாசம் எங்கள் வீட்டு போர் மோட்டார் நின்றுபோய்விட்டது. தாம்பரத்தில் சேலையூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய துக்கம் கிடையாது. 220 அடி ஆழத்தில் தொங்குகிற மோட்டாரைக் குழாயோடு மேலே எடுக்க நாலு பேர் வந்தார்கள். ஒரு பெரியவர், மூன்று பையன்கள். முக்காலி நட்டு, கப்பி மாட்டி, கயிற்றைப் பிடித்தார்கள். முதல் இரண்டு குழாய் வரும்வரை பேச்சே இல்லை. மூன்றாவது எங்கேயோ சிக்கிக்கொண்டு வர மாட்டேன் என்றது. பெரியவர் வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு ஒரு குரல் கொடுத்தார்.

"ஏலேலோ..."

"ஐலசா!" என்றார்கள் பையன்கள். மோட்டார் அசைந்தது.

அதற்கப்புறம் அவர் நிறுத்தவில்லை. வெயிலைப் பற்றி ஒரு அடி, பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற பூனையைப் பற்றி ஒரு அடி, வேலைக்கு ஆள் கூப்பிட்டுவிட்டு டீ வாங்கித் தராத வீட்டுக்காரரைப் பற்றி ஒரு அடி. ஒவ்வொரு அடிக்கும் பையன்கள் ஐலசா போட்டார்கள். நான் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன்.

திரும்பி வந்து டீயை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டேன்: "ஐயா, உங்களுக்குக் கடலோர ஊரா?"

"இல்ல சார், உத்திரமேரூர். கடலை சரியாக்கூடப் பாத்ததில்ல. மெரினா ஒரு வாட்டி போனேன். ஒரே ஜனம். தண்ணிகிட்ட போகவே முடியல."

கடலைப் பார்க்காத மனிதர் வாயில் கடல் பாட்டு எப்படி வந்து உட்கார்ந்தது? அன்றைக்கு முழுக்க இதே நினைப்புதான். இந்தப் பதிவும் அதனால்தான்.

இதற்கு ஒரு கதை உண்டு. உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். மயிலாப்பூரில் ஏலேலசிங்கன் என்று ஒரு கடல் வணிகர், திருவள்ளுவருக்கு வேண்டியவர். அவருடைய கப்பல் தரை தட்டி நின்றுவிட்டது. எத்தனை பேர் இழுத்தும் நகரவில்லை. வள்ளுவர் வந்து கை வைத்தார், நகர்ந்துவிட்டது. அன்றிலிருந்து பாரம் இழுக்கிறவர்கள் எல்லாரும் அந்த ஏலேலசிங்கன் பெயரைச் சொல்லித்தான் இழுக்கிறார்கள் என்று கதை முடியும். சொல்ல நன்றாக இருக்கிறது. நான் நம்புவதில்லை. வங்காளத்துப் படகுக்காரர்கள் 'ஹேய்யோ' என்கிறார்கள், வெள்ளைக்கார மாலுமிகள் 'ஹீவ் ஹோ' என்றார்கள். அங்கெல்லாம் எந்தச் சிங்கன் இருந்தார்? கனமான பொருளை இழுக்கும்போது மனிதனுக்கு மூச்சை நீட்டிப் பிடிக்க ஒரு 'ஓ' வேண்டும், விட ஒரு 'ஆ' வேண்டும். ஏலேலோவில் பிடித்து ஐலசாவில் விடுகிறோம். கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனாலும் கதைக்கு மயிலாப்பூர்க் கடற்கரை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

எங்கள் தாம்பரத்துக்கும் கடலுக்கும் உள்ள சொந்தம் மின்சார ரயிலின் பலகையோடு சரி. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் விட்டார்கள். அன்றிலிருந்து கடற்கரை என்கிற சொல் எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை வந்து போகிறது. அதை நம்பி அந்த ஸ்டேஷனில் இறங்கினால் கடல் தெரியாது. துறைமுகத்து மதில்தான் தெரியும்.

அந்தத் துறைமுகம் வருவதற்கு முன்னால் அங்கே என்ன நடந்தது என்பது கப்பல் பாட்டுப் பிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் மூட்டையும் கரைக்கு வர வேண்டுமானால் மசூலா படகுதான். அதில் ஆணி ஒன்றுகூட இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை மோதினால் பிளந்துவிடும், இது வளைந்து கொடுக்கும். கவர்னர் ஆனாலும் சரி, கடைநிலைச் சிப்பாய் ஆனாலும் சரி, அதில் உட்கார்ந்து, அலைக்கு அலை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் மதராஸ் மண்ணை மிதித்தார்கள். 1861-இல் இரும்புப் பாலம் ஒன்றைக் கடலுக்குள் நீட்டினார்கள். 1875-இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நட்டார்கள். 1881 புயல் கட்டினதில் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போனது. அதுவரைக்கும், அதற்கப்புறம் கொஞ்ச காலத்துக்கும், படகோட்டிகள்தான் ராஜா.

துடுப்புப் போடும்போது அவர்கள் பாடினதைப் பற்றி அந்தக் காலத்துப் பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். வார்த்தை புரியாததால் சத்தத்தைப் பற்றி மட்டும்தான் அவர்களால் எழுத முடிந்தது. நடு அலையில் படகை நிறுத்திவிட்டுக் கூலியைக் கூட்டிக் கேட்பார்கள் என்றும் புகார் உண்டு. வாந்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற துரையைப் பற்றி அந்தப் பாட்டில் நிச்சயம் ஒரு அடி இருந்திருக்கும் என்பது என் ஊகம். என் வீட்டு வாசலிலேயே டீக்கு ஒரு அடி விழுந்ததே!

எனக்கு இந்தப் பாட்டுகளின் மேல் பைத்தியம் பிடித்தது கோவளத்தில். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அக்காவும் அவள் பையனும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய், உப்பளங்களைத் தாண்டி, விடிகாலையில் கோவளத்தில் இறங்கினோம். தர்காவுக்குப் போய்விட்டுக் கடற்கரைக்கு வந்தால் பெரிய வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் பிடித்துக்கொள்வார்கள். படகு வலையை விட்டுக்கொண்டே கடலுக்குள் அரைவட்டமாகப் போய், மறுமுனைக் கயிற்றோடு கொஞ்சம் தள்ளிக் கரைக்குத் திரும்பும். இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து பேர் நின்று இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வரும். இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம். இலங்கையில் இதைத்தான் கரைவலை என்கிறார்கள். தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் கரமடி. இழுக்கும்போது பாடுகிற பாட்டுக்கு அம்பா என்று பெயர். யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு எங்கும் அதே பெயர்தான்.

நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருத்தர் திரும்பி, "இன்னா சார், சும்மா நிக்கிற? ஒரு கை புடி" என்றார். பேன்ட்டை மடித்துக்கொண்டு கடைசி ஆளாகப் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

முதல் ஐந்து நிமிஷத்தில் உள்ளங்கை எரிந்தது. என் அவசரத்துக்கு இழுத்ததில் முன்னால் நின்றவர் முதுகில் இரண்டு தடவை மோதினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முன்னால் ஒருத்தர் அடி எடுத்துக்கொடுத்தார். அந்த அடி முடிகிறவரை எல்லாரும் கயிற்றில் கையை மாற்றி, காலை மணலில் ஊன்றிக்கொள்கிறார்கள். பதில் குரல் வரும்போது ஒரே இழுப்பு. பிறகு மறுபடி அடி, மறுபடி கை மாற்றல். இது எனக்குப் புரிய ஒரு கால் மணி நேரம் ஆனது. புரிந்த பிறகு கயிறு பாதிக் கனமாகிவிட்டது. பொய்யில்லை. பாட்டு எங்கே மூச்சு வாங்கச் சொல்கிறதோ அங்கே வாங்கினேன், இழு என்கிற இடத்தில் இழுத்தேன். முப்பது வருடமாகக் கர்நாடக இசைக் கச்சேரி, இளையராஜா, இந்துஸ்தானி என்று எதெதையோ கேட்டவன் நான். தாளம் என்பது முதுகெலும்புக்குள் நுழைகிற சாமான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வலை கரை ஏறினதும் ஓரமாக உட்கார்ந்திருந்த வயதானவர் ஒருத்தரிடம் போனேன். அவர் காலத்தில் அடி எடுத்துக்கொடுக்கிற ஆள் அவர்தான் என்று சொன்னார்கள்.

"ஐயா, ஒரு பாட்டுப் பாடுங்க. போன்ல புடிச்சிக்கிறேன்."

அவர் யோசித்தார். இரண்டு அடி சொன்னார். மூன்றாவது வரவில்லை. தலையைச் சொறிந்தார். "சும்மா குந்திக்கினு பாடுனா வர்ல சார்" என்றார். எனக்கு ஏமாற்றம்தான், காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒரு முனையை அக்கா பையனிடம் நீட்டினார். "புடிடா கண்ணு. நல்லா வலி."

பையன் இழுத்தான். அவரும் இழுத்தார். பாட்டு வந்துவிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக, தடையே இல்லாமல். முருகன் வந்தார், மாதா வந்தாள், நாகூர் ஆண்டவர் வந்தார். மூன்று பேரும் ஒரே பாட்டில். வாடைக் காற்று வந்தது, கச்சான் காற்று வந்தது. யாரோ ஒருத்தி கரையில் நின்றாள். அவளைப் பற்றி நாலு அடி போனதும் என் அக்கா தன் பையனைக் கூப்பிட்டுக்கொண்டு மீன் பார்க்கப் போய்விட்டாள். பெரியவர் சிரித்தார்.

"எதுக்குங்க ஐயா பாட்டு? எண்ணிக்கை சொன்னாப் போதாதா, ஒண்ணு ரெண்டுன்னு?" என்று கேட்டேன்.

"ஒர்த்தன் முன்னாடி வலிச்சு ஒர்த்தன் பின்னாடி வலிச்சா வலை கோணிக்கும், மீன் பூடும். எண்ணிக்கினே இருந்தா அரை மணி நேரத்துல வெறுப்பாயிடும் சார். பாட்டுன்னா அடுத்து இவன் இன்னா சொல்லப் போறான்னு பாத்துக்கினே வலிப்பான்."

இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. அன்றைக்கு ஒரு பை நிறைய நெத்திலியும் காரப்பொடியும் கொடுத்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். கயிறு பிடித்தவனுக்குப் பங்கு உண்டாம்.

அதே கரையில் பிற்பாடு ஒரு நாள் போனபோது டிராக்டர் ஒன்று பைபர் படகை மணலில் இழுத்துக்கொண்டு போனது. அஞ்சு நிமிஷ வேலை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து பைபர் படகு பெருகியது. இலங்கையில் கரைவலையையே டிராக்டர் வைத்து இழுக்க ஆரம்பித்தார்கள், அது சரியா தவறா என்று அங்கே பெரிய வாக்குவாதம் எழுந்தது. டிராக்டருக்குப் பாட்டு வேண்டாம், டீசல் போதும். இதில் நான் கண்ணீர் விடத் தயாராக இல்லை. என் கை ஒரு காலைப் பொழுதுக்கே கொப்பளித்துவிட்டது. வாழ்நாள் பூராவும் இழுத்தவரிடம் போய், "பாட்டு அழியுதே, இன்னும் கொஞ்சம் இழுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வெள்ளைக்காரர்களுக்கும் இதேதான் ஆனது. பாய்மரக் கப்பலில் நங்கூரம் தூக்கவும் பாய் ஏற்றவும் பாடினார்கள், நீராவி வந்ததும் நின்றுபோனது. ஸ்டான் ஹ்யூகில் என்று ஒருவர், 1906-இல் பிறந்தவர். பிரிட்டனின் கடைசிப் பெரிய பாய்மரச் சரக்குக் கப்பல்களில் ஒன்றான கார்த்பூலில் வேலை பார்த்தவர். அந்தக் கப்பல் 1929-இல் பாறையில் மோதி உடைந்தது. கப்பலில் அடி எடுத்துக்கொடுத்த கடைசி ஆள் அவர்தான் என்பார்கள். தனக்குத் தெரிந்த பாட்டுகளையெல்லாம் சேர்த்து 1961-இல் தடிமனான புத்தகமாகப் போட்டார். அச்சுக்குப் போவதற்கு முன் கெட்ட வார்த்தைகளையெல்லாம் கழுவிவிட்டார். மாலுமி பாட்டில் கெட்ட வார்த்தையை எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரிலும் கழுவல் உண்டு. பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி ஊர் ஊராகச் சேர்த்த நாட்டுப் பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் 'மலையருவி' என்று பதிப்பித்தார், 1958-இல். நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964. இரண்டும் என் அலமாரியில் இருக்கின்றன, இரண்டையும் கும்பிடுகிறேன். ஆனால் பொதுவாகவே நம் தொகுப்புகளில் ஏற்றம், நடவு, தாலாட்டு, ஒப்பாரிக்குக் கிடைத்த இடம் கடலுக்குக் கிடைக்கவில்லை என்பது என் மனத்தாங்கல். சேகரிக்கப் போனவர்கள் பெரும்பாலும் வயல் பார்த்த ஊர்க்காரர்கள். அதோடு, கோவளத்துப் பெரியவரின் அந்த நாலு அடியை எந்தப் பதிப்பாளர் அச்சில் போடுவார்?

ஸ்காட்லாந்துத் தபால்காரர் ஒருவர் 'வெல்லர்மேன்' என்ற பாட்டைப் போனில் பாடிப் போட, 2021 ஜனவரியில் உலகமே சேர்ந்து பாடியது. என் மகள் வீடு பூராவும் அதையே ஓட்டினாள். நியாயமாகப் பார்த்தால் அது வேலைப்பாட்டே இல்லை, நியூசிலாந்துத் திமிங்கல வேட்டைக்காரர்களைப் பற்றிய கதைப்பாட்டு. ஆனால் அவரவர் வீட்டில் அடைந்து கிடந்த காலத்தில், ஒருத்தர் அடி கொடுக்க, முன்பின் தெரியாத இன்னொருத்தர் கூடச் சேர்ந்து குரல் கொடுக்க முடிந்தது. அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. "உனக்கு ஒரிஜினல் காட்டறேன் வா" என்று கோவளப் பதிவைப் போட்டேன். பாதி கேட்டாள். "அப்பா, இது ஒரே மாதிரி போயிட்டே இருக்கே" என்றாள். சரிதான், இரண்டு மணி நேர வலைக்கு அது ஒரே மாதிரிதான் போக வேண்டும். துண்டை எடுத்து அவளிடம் ஒரு முனையை நீட்டினேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கப்பல் பாட்டில் இன்னொரு வகை உண்டு: கப்பல் ஏறாதவர்கள் பாடுவது. என் அம்மாவைப் பெற்ற பாட்டியின் தாலாட்டில் கப்பல் வரும். பட்டும் பவழமும் ஏற்றிக்கொண்டு மாமன் வருவான். அவர் வாழ்நாளில் கப்பலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, தாத்தாவை 'ரஜுலா'வில் பினாங்குக்கு ஏற்றிவிட நாகப்பட்டினம் போனபோது. 1926-இல் கட்டின அந்தக் கப்பல் 1973 வரைக்கும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. தமிழ்நாட்டில் அதற்கு அழாத குடும்பம் குறைவு. தாத்தா திரும்பி வந்தார், பட்டு வரவில்லை. ஒரு டார்ச் லைட்டும் கோடாலித் தைலமும் வந்தன. பாட்டி தாலாட்டை மாற்றவில்லை. "கப்பல் கவுந்தாலும் கன்னத்துல கை வைக்காதே" என்று வேறு சொல்லிக்கொண்டிருப்பார்.

இளங்கோவடிகளின் கானல்வரியையும் இந்த வகையில்தான் சேர்ப்பேன். கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரையில் உட்கார்ந்து யாழை வைத்துக்கொண்டு, வலைஞர் பாட்டு மாதிரி பாடுகிறார்கள். அவன் பாடினதில் வேறொருத்தி இருக்கிறாள் என்று இவள் நினைக்க, இவள் பாடினதில் வேறொருத்தன் இருக்கிறான் என்று அவன் நினைக்க, எழுந்து போய்விடுகிறான். கயிறு பிடிக்காமல் கடல் பாட்டுப் பாடினால் இப்படித்தான் வம்பில் முடியும். நம் சினிமாவும் அதே வழி. 1964 'படகோட்டி'யில் எம்.ஜி.ஆர். துடுப்புப் போடுகிற அழகு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். பாட்டை நூறு தடவை கேட்டிருக்கிறேன். துடுப்பை மட்டும் பார்த்தால் அந்தப் படகு அக்கரை சேராது.

போர் மோட்டாருக்கு முன்னால் கடல் பாட்டு என்னைத் தேடி வந்தது ஒரு தடவைதான். 2015 டிசம்பர். அப்போது முடிச்சூரில் வாடகைக்கு இருந்தோம். அடையாறு தெருவுக்குள் வந்துவிட்டது. கீழ் வீடு மூழ்கி, மாடியில் பதினோரு பேர், கரண்ட் இல்லை, போன் இல்லை, பிஸ்கட் மட்டும் இருந்தது. மறுநாள் மீனவக் குப்பத்துப் பையன்கள் பைபர் படகோடு வந்தார்கள். கடல் இல்லாத ஊரின் தெருவில், லைட் கம்பத்துக்கும் அசோக மரத்துக்கும் நடுவே படகு. எங்களை ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பும்போது அடியில் 'டங்' என்று தட்டி நின்றுவிட்டது. முழுகிக் கிடந்த காரின் மேற்கூரை. ஏலேலசிங்கன் கப்பலாவது தரை தட்டியது, எங்கள் படகு ஸ்விஃப்ட் தட்டியது.

நாலு பேர் தண்ணீரில் குதித்தார்கள். "ஏலேலோ" என்றான் ஒருத்தன். படகில் பயந்து உட்கார்ந்திருந்த எல்லாரும், எதிர் வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் உட்பட, ஒரே குரலில் "ஐலசா" என்றோம். யாரும் சொல்லித் தரவில்லை. படகு இறங்கி ஓடியது. அவர்கள் எந்தக் குப்பம் என்று கேட்கக்கூட எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. இன்றுவரை உறுத்துகிறது.

அதனால் உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில், தெருவில், ஊரில் யாராவது வேலை செய்துகொண்டே இப்படிப் பாடினால் போனில் பதிந்து வையுங்கள். பாடினவர் விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு, அவர் பேர், ஊர், பாடும்போது கை என்ன செய்துகொண்டிருந்தது என்று மூன்றையும் சேர்த்து எழுதி வையுங்கள். நம் பழைய தொகுப்புகள் பலவற்றில் பாட்டு இருக்கிறது, பாடின ஆள் இல்லை. கூச்சப்பட்டு எதையும் வெட்டாதீர்கள். அவருக்கு மறந்துவிட்டதென்றால் ஒரு துண்டை நீட்டிப் பாருங்கள்.

கோவளத்துப் பெரியவர் பாடினது என்னிடம் நாலு நிமிஷம் இருக்கிறது. அதில் பாதி, அக்கா பையன் துண்டை இழுத்துக்கொண்டு சிரிக்கிற சத்தம்.